சக்கரவர்த்தி சாக ஒரு பலகை

மரக்கடை சங்கரலிங்கத்தைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே சாதி. ஏமாற்றுகிறவன் ஒருத்தன், ஏமாற்ற நேரம் பார்த்திருக்கிறவன் இன்னொருத்தன். மட்டாஞ்சேரியில் அவர் கடைக்கு யார் வந்தாலும் முதலில் கையைப் பார்ப்பார், அப்புறம்தான் முகத்தைப் பார்ப்பார்.

அப்படிப்பட்டவரிடம் பைலி ஆசான் வந்து நின்றார். கடற்கரைப் பள்ளியில், அதாவது மாதாகோவிலில், பெருநாள்தோறும் காலால் மிதித்து ஆடும் சவிட்டு நாடகம் ஆட்டுவிக்கிற கிழவர்.

"முதலாளி, நாடகத்துக்கு மேடைத்தட்டுப் போடணும். பலக வேணும். நல்லதொண்ணும் வேண்டா. மோசப்பட்டது மதி, அது போதும்."

சங்கரலிங்கம் மூக்குப்பொடியை உறிஞ்சுவதை நிறுத்தினார்.

"என்னவே, மோசமான பலகையா? மேல ஏறி ஆடப்போறது மனுசனா எலியா?"

"ஆளுதான். ஆனாலும் மோசப்பட்டது மதி" என்று ஆசான் வேறெங்கோ பார்த்தார்.

நல்ல மரம் வேண்டாம் என்கிறவன் மனசில் நல்லது இருக்குமா? சங்கரலிங்கத்துக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. இது எர்ணாகுளம் மரக்கடை வெங்கிடராமன் வேலை. திருப்பூணித்துறையில் காலேஜ் வாத்தியார் சிவராமகிருஷ்ணன் மாடிவீடு கட்டுகிறார். மாடிக்குத் தரைப்பலகை இவரிடம் வாங்குவதா, வெங்கிடராமனிடம் வாங்குவதா என்று இன்னும் முடிவாகவில்லை. இந்த நேரத்தில் ஊர் பார்க்கச் சங்கரலிங்கத்தின் பலகை முறிந்தால் அந்த வேலை போச்சு. வேலை போனால் போகட்டும், பேரும் கூடவே போகும். முப்பாட்டன் திருநெல்வேலியிலிருந்து தலைச்சுமையாகக் கொண்டுவந்த பேர்.

"அவன் குழி தோண்டினா நான் விழணுமா?" என்று உறுமிவிட்டு, கிடங்கின் கோடியில் கிடந்த இருள்மரப் பலகைகளை வண்டியில் ஏற்றச் சொன்னார். மலைக்காட்டு மரம். உளி வைத்தால் உளிதான் அழும். பைலி ஆசான் அதைத் தட்டிப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று. ஆனால் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை.

சொல்ல முடியாது. அதுதான் அந்தப் பள்ளியின் வழக்கம். பரங்கிச் சாமியார்கள் கப்பலில் வந்த காலத்தில் தொடங்கிய ஆட்டம் அது. ரோமாபுரிச் சக்கரவர்த்தி வேடம் கட்டியவன் மிதிக்கிற மிதியில் மேடைப்பலகை முறிய வேண்டும். முறிந்தால்தான் அவன் சக்கரவர்த்தி. சக்கரவர்த்தியானால்தான் கடைசிக் காட்சியில் சாகலாம். அவன் செத்தால்தான் நாடகம் முடியும். அதற்காகவே பலகை கொடுக்கிறவர்கள் காலம் காலமாக உளுத்த மாம்பலகையாகப் பார்த்துக் கொடுப்பார்கள். ஆனால் 'முறிகிற பலகை கொடு' என்று யாரும் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். கேட்டால் சக்கரவர்த்திக்குக் கேவலம். இதெல்லாம் சங்கரலிங்கத்துக்கு எப்படித் தெரியும்? அவர் ஓசி நாடகம் எதையும் பார்ப்பதில்லை. ஓசியாகக் காட்டுகிறவனுக்கு உள்நோக்கம் இருக்கும் என்பது அவர் கட்சி.

பெருநாள் ராத்திரி ஆட்டம் தொடங்கியது. விடிந்தது. முடியவில்லை.

மறுநாள் காலையில் சாயாக்கடைக் கபீர்தான் சேதி சொன்னார். "அண்ணாச்சி, உங்க பலக கெட்டிதான். சக்கரவர்த்தி சாக மாட்டாம கெடந்து குதிக்கிறான். எதிரி ராசா ஏழெட்டுத் தடவ செத்தாச்சு. எந்திரிச்சு என் கடைல புட்டு தின்னுட்டு மறுபடியும் போய்ச் சாகிறான்."

கபீர் சொல்லச் சொல்லத்தான் சங்கரலிங்கத்துக்கு வழக்கம் முழுதும் விளங்கியது. விளங்கியதும் என்ன செய்தார்? மன்னிப்புக் கேட்டாரா? முக்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் மேடைக்கு அடியில் போட்டு உட்கார்ந்துவிட்டார். முறிய வேண்டிய பலகை முறியாவிட்டால் மனுசன் ரம்பத்தோடு வருவான். வராமலா இருப்பான்?

மேலே சக்கரவர்த்தி மிதித்தான். வலை வீசுகிற லோனப்பன்தான் சக்கரவர்த்தி. கணுக்கால் வரைக்கும் வெல்வெட்டு அங்கி, மேலெல்லாம் கண்ணாடி மணி, தலையில் கருஞ்சாயம் தோய்த்த கயிற்று நாரில் சுருள்சுருளாக முடி, அதன் மேல் தங்கக் காகிதம் ஒட்டிய மூன்றடுக்குக் கிரீடம். கொச்சி வெயிலில் அவன் வியர்வை பலகை இடுக்கு வழியாகச் சங்கரலிங்கத்தின் வழுக்கையில் சொட்டியது. நாரின் சாயமும் கூடவே சொட்டியது. அவர் துடைத்துக்கொண்டு, "மிதிடா, மிதி" என்றார்.

மேடைக்கு மேலே தேவதூதன் வேடக்காரன் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தான். சக்கரவர்த்தி செத்தால்தான் ஆத்துமாவை ஏந்திக்கொண்டு அவன் இறங்க முடியும். அவன் பெண்சாதி நீண்ட கழியில் கஞ்சிக் கும்பாவைக் கட்டி அவனுக்கு ஊட்டினாள். மீன்பிடிக்கிறவன் எல்லாம் அங்கேயே இருந்ததால் மட்டாஞ்சேரிச் சந்தையில் மீன் இல்லை. பக்கத்து ஊர் சுள்ளிக்கல்லில் ஒரு கல்யாணத்துக்கு வாழைக்காயை மீன்போல வெட்டிப் பொரித்தார்களாம்.

பைலி ஆசான் குனிந்து மேடைக்கடியில் எட்டிப் பார்த்தார். "முதலாளி, ஒரே ஒரு பலக. மாத்திக்கட்டே? ஆரும் காணாது."

"கடவுள் காணாதா?"

"கடவுளும் உறங்கிப்போயி, முதலாளி."

"போவே, போ. என் பலகை உடையாது. உம்ம சக்கரவர்த்திக்கு ஆயுசு கெட்டி, அவ்வளவுதான்."

மூன்றாம் நாள் மத்தியானம் சிவராமகிருஷ்ணன் வந்தார். பலகையைப் பார்க்கத்தான் வந்தார், ஆனால் மேடை முகப்பைப் பார்த்துச் சொக்கி நின்றுவிட்டார். பள்ளிப் பீடத்தைப் பார்த்து வரைந்த முகப்பு அது. முறுக்கிப் பிழிந்த தங்கத் தூண்கள், அவற்றில் தொற்றிக்கொண்டு கன்னம் உப்பிய குழந்தைத் தேவதைகள்.

"ஓய் லிங்கம், இது என்ன பாணி தெரியுமோ? பரோக். முந்நூறு நானூறு வருஷம் முன்னாடி ஐரோப்பாவையே ஆட்டி வச்சுது. எதுவும் போதும்னு நிக்காது. அழுதா ஆறா அழணும், செத்தா ஊரே நடுங்கச் சாகணும். தூணைக்கூட முறுக்கித்தான் விடுவா."

சங்கரலிங்கம் அடியிலிருந்து தலையை நீட்டினார். "நேரா நிக்கத் தெரியாத தூண் பாரம் தாங்குமா?"

"தாங்க வேண்டாம் ஓய். பாக்கறவனைத் திகைக்க வச்சாப் போறும்."

"அப்ப மோசடின்னு சொல்லும்."

சிவராமகிருஷ்ணன் சிரித்தார். பிறகு லோனப்பனின் காலையே உற்றுப் பார்த்தார். "ஆனா ஓய், ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்கப்படாது. இவன் பாத்துப் பாத்து மிதிக்கறாப்பல இருக்கே. நீர் ஏதாவது கையில வச்சு அழுத்தினீரோ?"

மெதுவாகத்தான் சொன்னார். முன்வரிசை கேட்டுவிட்டது. முன்வரிசை பின்வரிசைக்குச் சொன்னது. பின்வரிசை வேலிக்கு வெளியே இருந்தவர்களுக்குச் சொன்னது. "லோனப்பன் கைக்கூலி வாங்கி! தமிழன்டெ கைக்கூலி வாங்கி!" தமிழனிடம் லஞ்சம் வாங்கிவிட்டானாம். லோனப்பன் நின்றான். வாளைக் கீழே போட்டான். சாயம் வழிகிற முகத்தோடு குழந்தை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதான்.

சங்கரலிங்கத்துக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. உலகத்தையே சந்தேகப்பட்டு வாழ்ந்த மனுசன் அவர். அவரை ஒருத்தர் சந்தேகப்படுவதா? அதுவும் மர விஷயத்தில்?

மேடையில் ஏறினார். "என் பலகைக்குக் கைக்கூலி வேற கொடுக்கணுமாக்கும்! பாருங்கடே! எல்லாவனும் பாருங்க!" வேட்டியை மடித்துக் கட்டினார். அந்தக் கனத்த உடம்பைத் தூக்கி ஒரே குதி.

பலகை முறிந்தது.

பீரங்கி வெடித்தமாதிரி சத்தம். சங்கரலிங்கம் இடுப்பு வரை உள்ளே போனார். லோனப்பன் கண்ணைத் துடைத்தான். கிரீடத்தைக் கழற்றினான், நார்முடியோடு சேர்த்து அவர் தலையில் வைத்துவிட்டு முழங்காலிட்டான். பலகையை முறித்தவன்தான் சக்கரவர்த்தி.

"எடுங்கடே இத! எந்தப் பயடே அடியில ரம்பம் வச்சது? நான் எந்திரிச்சு வந்த நேரம் பாத்து அறுத்துட்டானுகளே! நல்லா இருப்பீங்களாடே?"

கூட்டம் தேம்பியது. நாடகப் பாட்டெல்லாம் பழைய தமிழ். ஆடுகிறவனுக்கும் புரியாது, பார்க்கிறவனுக்கும் புரியாது. மேடையில் நெஞ்சு வெடிக்கத் தமிழ் கேட்டால் அழ வேண்டும், அவ்வளவுதான் தெரியும். சங்கரலிங்கம் வையவைய அழுகை ஓங்கியது. கிழவிகள் மாரில் அடித்துக்கொண்டார்கள்.

"இனி மரிக்கணும், முதலாளி" என்றார் பைலி ஆசான், பயபக்தியோடு.

"நான் எதுக்குவே சாகணும்? செத்தா பலகை உடைஞ்சதா ஆயிரும்." பலகை இரண்டாய்ப் பிளந்து அவர் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருந்தது. சிவராமகிருஷ்ணன் முன்வரிசையில் உட்கார்ந்து இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து கனகாம்பாள் குரல் வந்தது. கட்டின பெண்டாட்டி. "உங்களத்தான்! நல்ல புத்தியோட செத்துட்டு வீட்டுக்கு வாங்க! மூணு நாளா மீன் கண்ணால பாக்கல!"

அதற்கும் அவர் அசையவில்லை. லோனப்பன்தான் நொண்டிக்கொண்டு கிட்டே வந்து, காலை அவர் முன்னால் நீட்டினான். பலாக்காய் மாதிரி வீங்கியிருந்தது. "சேட்டா, இனி எனக்கு வய்யா, முடியாது. வீட்டுக்குப் போகணும். ஒரு தடவ மரிச்சுத் தாங்க சேட்டா."

சங்கரலிங்கம் அந்தக் காலையே பார்த்தார். தொட்டுப் பார்த்தார். வேஷமில்லை, நிஜ வீக்கம்தான். அவர் பலகை செய்த வேலை.

"சரி, புடிங்கடே" என்று கையை நீட்டினார். குழியிலிருந்து தூக்கிக் கிடத்தினார்கள். கிரீடத்தைச் சரிசெய்துகொண்டு வானத்தைப் பார்த்து, ஊருக்கே கேட்கிற குரலில் சொன்னார்: "பலகை உடையல! அடியில முட்டுக்கட்டைதான் வெலகிப்போச்சு!"

சொல்லிவிட்டுச் செத்தார். பள்ளி மணி முழங்கியது. கயிறு அவிழ்ந்து தேவதூதன் பொத்தென்று பக்கத்தில் விழுந்தான், ஆத்துமாவை ஏந்தத் தெம்பில்லாமல் அப்படியே தூங்கிவிட்டான்.

சிவராமகிருஷ்ணன் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு மேடையோரம் வந்தார். "என்ன சாவு ஓய், என்ன சாவு! மூணு நாள் தாங்கின மரம் என் வீட்டைத் தாங்காதோ? தரைப்பலகை நீரே போட்டுடும்."

செத்தவர் ஒரு கண்ணைத் திறந்தார். "வாய்ச்சொல் வேண்டாம். எழுதிக் கொடும்."

"மரிச்சவர் மிண்டக்கூடாது, பேசக்கூடாது" என்று பைலி ஆசான் அந்தக் கண்ணை விரலால் மூடினார்.

வழக்கப்படி சக்கரவர்த்தியின் உடலை நாலு பேர் தோளில் ஏற்றிப் பள்ளியைச் சுற்றினார்கள். மேளம் முழங்க, பெண்கள் பூச்சொரிய, மேடைப் பக்கம் திரும்பும்போதெல்லாம் அவர் இமையை லேசாக விலக்கி, மிச்சப் பலகையை எவன் எடுக்கிறான் என்று பார்த்துக்கொண்டே போனார்.