வரிசையில் நின்ற குடை

1

முதலில் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். இந்தக் கதை பிறந்தது ஒரு கல்யாணப் பந்தியில். பம்பாய் மாட்டுங்காவில், பாயசத்துக்கும் மோருக்கும் நடுவில், பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த சந்திரலேகா சொன்ன சங்கதி இது. கேட்டதும் எனக்கு—

[அடித்தாயிற்று. சந்திரலேகாவின் பேராசிரியர் ஒரு சட்டம் வைத்திருந்தார்: ஆராய்ச்சி எழுதுகிறவரின் தலை அதில் தெரியவே கூடாது. அவள் கதைக்கும் அதே சட்டம்தானே நியாயம்? ஆகவே இதை எழுதும் ஆசாமி இனிமேல் கண்ணில் படமாட்டார்.]

2

வருஷம் 1964. சந்திரலேகா தாராவியில் ஒரு குழாயடியைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். தண்ணீர் கொஞ்ச நேரம்தான் வரும், பெண்களோ ஏராளம். போலீஸ்காரர் இல்லாமல் எப்படி வரிசை காக்கிறார்கள் என்பது அவள் கேள்வி. ஆராய்ச்சி ஜோராகத்தான் போயிற்று. முதல் அத்தியாயம்தான் வருவேனா என்று அடம்பிடித்தது.

'பம்பாய் ஒரு மாபெரும் நகரம். இதன் மக்கள்தொகை—'

'தெரியும்' என்று ஓரத்தில் எழுதித் திருப்பினார் பேராசிரியர்.

'ஆதிமனிதன் ஆற்றங்கரையில்—'

'ஐயோ' என்று எழுதியிருந்தார்.

'ஆய்வாளர் தூரத்தில் நின்று வரிசையைக் கவனித்தார்.'

இதற்கு மட்டும் ஒரு டிக். கூடவே ஒரு மிரட்டலும்: திங்கட்கிழமைக்குள் முழு அத்தியாயமும் வராவிட்டால் பதிவேட்டிலிருந்து உன் பெயரை எடுத்துவிடுவேன். பெயர் போனால் ஆராய்ச்சி போச்சு; வீட்டில் முலுண்டிலிருந்து ஒரு வரன் தயாராக இருந்தான்.*

* நல்ல பையன்தான், பாவம். அவனுக்கு இந்தக் கதையில் இடமில்லை.

3

சனிக்கிழமை. அந்தக் குழாயடியில் ஆள் நிற்க வேண்டியதில்லை. குடமோ டப்பாவோ உடைந்த செங்கல்லோ வைத்தால் நம்பர் போட்டதாகக் கணக்கு. வரிசை நகரும்போது பின்னால் இருக்கிறவள் அதையும் நகர்த்திவிடுவாள். சந்திரலேகாவுக்கு இது நன்றாகவே தெரியும். விலாவாரியாக எழுதியும் இருந்தாள். ஆனாலும், கை வலிக்கிறதே என்று வரிசைக் கடைசியில் இரண்டு குடங்களுக்கு நடுவில் குடையைச் சாய்த்துவிட்டு ஜமால் கடைக்குச் சாயா குடிக்கப் போனாள். படித்த புத்தி!

திரும்பி வந்தால் குடை குழாயடியில் நிற்கிறது.

"டீச்சரம்மா, சட்டுனு வாங்க. ஒங்க நம்பரு வந்துட்டு" என்றாள் முருகம்மாள். லேத்துப் பட்டறைக்காரர் மனைவி. அந்த வரிசையின் சுப்ரீம் கோர்ட்.

"எனக்குத் தண்ணி வேண்டாமே, மாமி."

வரிசையில் எல்லாத் தலைகளும் திரும்பின.

"வேண்டாமா? கடைசியில இருந்து ஆளாளுக்கு இந்தக் குடையத் தள்ளிக்கிட்டு வந்திருக்கோம். நாங்க என்ன கோட்டிக்காரிகளா?"

"ஜல்தி கரோ டீச்சர், சீக்கிரம்! பானி நின்னுரும்!" என்று பின்னாலிருந்து கத்தினாள் தங்கமயில் என்ற சின்னப் பெண்.

"என் முறையை நீங்களே எடுத்துக்கோங்கோ."

"நல்லாருக்கே நாயம்! நான் எடுத்தா பின்னால நிக்கிற இவ சும்மா இருப்பாளா? நம்பர் போட்டா எடுத்துத்தான் ஆவணும்." தன் பித்தளைக் குடத்தை நங்கென்று குழாயடியில் வைத்தாள் முருகம்மாள். "குடத்த நாளைக்குத் தாங்க, போதும்."

[இங்கே பஸ் கண்டக்டர் குடத்துக்கு டிக்கெட் கேட்கும் வேடிக்கை ஒன்று இருந்தது. அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேதான் போனாளாம். நீக்கியாயிற்று.]

4

"என்னடி இது கூத்து!" என்றாள் அம்மா அபயாம்பாள். "ஆத்துல குழாய் நாள்பூரா கொட்டறது. தாராவியிலேர்ந்து தண்ணி தூக்கிண்டு வரயே!"

அந்தத் தண்ணீரில் அம்மா காபி போட்டதாக முதலில் எழுதியிருந்தது. படிக்க நன்றாகத்தான் இருந்தது. "நடக்காததை எழுதாதீங்கோ" என்று சந்திரலேகா பந்தியிலேயே சொல்லியிருந்தாள். நடந்தது இதுதான்: குடம் அடுக்களை வாசலைத் தாண்டவில்லை. அம்மா தண்ணீர் முழுவதையும் துளசிக்கு ஊற்றினாள். அது மரியாதையா, சாமர்த்தியமா என்று சந்திரலேகாவுக்குப் புரியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை.

ஆனால் மறுநாள் அம்மாவே கூப்பிட்டாள். "வெறுங்குடமாவா திருப்பிக் குடுப்பே?" என்று குடம் நிறையக் கைமுறுக்கு போட்டுக் கொடுத்தாள்.

5

முருகம்மாள் குடத்துக்குள் எட்டிப் பார்த்தாள். "அட! தண்ணி எப்படி இருந்துச்சு?"

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு வரவில்லை. "துளசிக்கு ஊத்தினோம்."

 முருகம்மாள் குடம் அதிரச் சிரித்தாள்.

"எங்க தண்ணிய சாமி குடிக்கும், ஒங்கம்மா குடிக்க மாட்டாவளாக்கும்?"

சந்திரலேகாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. வெட்கமாக இருந்தது, அழுகைகூட வந்தது. முருகம்மாள் ஒரு முறுக்கை எடுத்து நறுக்கென்று கடித்தாள். "நல்லா மொறுமொறுன்னு இருக்கு. நாங்க திம்போம்மா. ஏளா தங்கமயிலு, கைய நீட்டு!"

6

அன்று சாயங்காலமே, தூரத்தில் நின்ற ஆய்வாளரை அடித்துவிட்டு சந்திரலேகா எழுதினாள்:

'இந்த வரிசையில் நான் ஒரு குடையை வைத்தேன். என்னைக் கேட்காமலே அதை முன்னால் கொண்டுவந்தார்கள். நான் எடுத்துப்போன தண்ணீரை எங்கள் வீட்டில் யாரும் குடிக்கவில்லை. என் கேள்வி இங்கிருந்துதான் தொடங்குகிறது.'

அதற்கப்புறம் பேனா நிற்கவே இல்லையாம். ஒரே மூச்சில் அத்தியாயம் முடிந்தது.

திங்கட்கிழமை. பேராசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்தைப் புரட்டினார். சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார். பேனா அந்த முதல் 'நான்' மேல் வந்து நின்றது. பந்தியில் "அப்புறம்?" என்று கேட்பதற்குள் மோர் வந்துவிட்டது. "அப்புறம் என்ன, நீங்கதானே கதை எழுதறவா!" என்று இலையை மடித்துவிட்டு எழுந்துபோனாள் சந்திரலேகா.

ஆகையால் அந்தப் பேனாவை உங்கள் கையில் கொடுக்கிறேன். கொடுக்கிறேன் என்றே எழுதிவிட்டேன், பார்த்தீர்களா? இனி ஒளிந்து என்ன பிரயோசனம். அடிப்பதென்றால் அவளுடைய 'நான்', என்னுடைய 'நான்' என்று எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து அடித்துவிடுங்கள். உங்கள் நம்பர் வந்தாயிற்று. வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.