அச்சில் எழுந்து நடந்தவர்

சபையின் மாதப் பத்திரிகை சொன்னபடி, தையல்காரியின் கணவர் வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கட்டிலைவிட்டு எழுந்து நடந்தார். அதே வியாழக்கிழமை, அதே நான்கு மணிக்கு, அவர் மல்லாந்து கிடந்து மூக்கின்மேல் உட்கார்ந்த ஈயை வாயால் ஊதி விரட்டிக்கொண்டிருந்தார். பஸ் ஓட்டிய மனிதர். பக்கவாதம் வந்து பதினான்கு மாதமாகிறது. வலது கையும் வலது காலும் அவர் பேச்சைக் கேட்பதே இல்லை.

தையல்காரி செய்தியை உரக்கப் படித்துக் காட்டினாள்.

"நடந்தேனா? எங்க போனேனாம்?" என்றார் அவர், ஒரு பக்கம் கோணிய வாயால்.

"அதைப் போடலைங்க."

"போட்டிருந்தா, திரும்பி வர வழியாவது தெரிஞ்சிருக்கும்."

நடந்தது இதுதான். ஆண்டுவிழாவில் மேடையேறி, ஜெபத்தால் கிடைத்த நன்மையைச் சாட்சி சொல்ல விரும்புவோருக்குச் சபைச் செயலாளர் ஒரு படிவம் கொடுப்பார். அதில் மூன்று கட்டங்கள். என்ன கஷ்டம், எவ்வளவு காலமாக ஜெபித்தீர்கள், எப்படித் தீர்ந்தது. முதல் இரண்டையும் தையல்காரி நிரப்பிவிட்டாள். மூன்றாவதில், "இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்" என்று எழுதினாள். தீராத கஷ்டத்துக்கு அந்தப் படிவத்தில் இடம் ஒதுக்கியிருக்கவில்லை. செயலாளர் தம் பேனாவாலேயே அவள் கணவரைக் குணமாக்கி, அச்சுக்கும் அனுப்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை செயலாளரே வீட்டுக்கு வந்தார். ஒலிபெருக்கி என்பது அவள் கணவர் அவருக்கு வைத்த பெயர். தெருமுனையிலேயே "ஸ்தோத்திரம்!" கேட்டுவிடும், ஆள் வந்து சேர ஐந்து நிமிடம் ஆகும்.

"ஐயா, இவர் நடக்கலையே" என்றாள் தையல்காரி.

"விசுவாசத்துல முன்கூட்டியே போட்டுட்டோம்மா. ஐந்நூறு பிரதி, கலர்ல. ஞாயித்துக்கிழமை ஆண்டுவிழாவுல ரெண்டு பேர் ரெண்டு அக்குள்லயும் கை கொடுப்பாங்க. ரெண்டே அடி. மீதியை ஆண்டவர் பாத்துக்குவார்."

"அந்த ரெண்டு பேர் கையை எடுத்துட்டா?" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"இந்தச் சந்தேகம்தான் உங்களைப் படுக்க வச்சிருக்கு, அண்ணே."

இது புதிதல்ல. பதினான்கு மாதமாக ஆறுதல் சொல்ல வந்தவர்கள் ஆளுக்கொரு காரணத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். ரகசியப் பாவம் என்றார் ஒருவர். இவள் ஜெபத்தில் கண்ணீர் போதவில்லை என்றார் இன்னொருவர். பாடகர் குழுத் தலைவி, கட்டில் வடக்கே பார்த்திருப்பதைக் குறை சொல்லிவிட்டு, பிறகு அது வேறு மதத்துக் கணக்கு என்று நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"நீங்க சாட்சி சொல்லலைன்னா, விசுவாசத்துல பலவீனமானவங்க இடறிப் போவாங்க" என்று செயலாளர் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தியும் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. "என்னைப் பாருங்க. வயித்துப் புண்ணுல சாகக் கிடந்தேன். ரெண்டு வருஷம் முன்னாடி அதே மேடையில, குணமாயிட்டேன்னு சொன்னேன். இன்னைக்கு எப்படி இருக்கேன்!"

எப்படி இருக்கிறார் என்பது தையல்காரியின் அளவுநாடாவுக்குத் தெரியும். சாட்சி சொன்ன மாதம் அவர் இடுப்பு முப்பத்தெட்டு. அதன்பின் ஆறு மாதத்துக்கொரு முறை கால்சட்டையின் இடுப்பைப் பிடித்துத் தைக்கக் கொண்டுவருவார். முப்பத்தாறு, முப்பத்தைந்து, முப்பத்துமூன்று. "வேணும்னேதான் இளைக்கிறேன். உள்ள மடிச்ச துணியை வெட்டி எறிஞ்சிடுங்கம்மா, இனி தேவைப்படாது" என்று சிரிப்பார். அவள் எதுவும் கேட்டதில்லை. அன்றும் கேட்கவில்லை.

அவர் போன பிறகு மிதிக்கட்டையில் கால் வைத்தாள், மிஷினை ஓட்ட மனம் வரவில்லை. தைக்கும்போதுதான் அவள் ஜெபிப்பாள். ஒவ்வொரு நாளும் முதல் தையலோடு, "அவரை எழுப்பும்" என்று கேட்பாள். பதில் வராது. ஆனாலும் யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார் என்ற நிச்சயம் மட்டும் வரும். அதை வைத்துத்தான் அவள் பதினான்கு மாதத்தை ஓட்டினாள்.

"என்னங்க, பொய் சொல்லிட்டு வந்து திங்கக்கிழமை எந்த முகத்தோட ஆண்டவர்கிட்ட கேக்கிறது?"

"சொல்லாட்டி?"

"நமக்கு விசுவாசம் இல்லைம்பாங்க."

"அவங்க படிவம் அவங்களுக்கு. நீ யார்கிட்ட கேக்கிறியோ, அவருக்குத் தெரியாதா?" அதற்குள் வாயோரம் எச்சில் வழிந்தது. அவள் துடைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனாள். கை கொடுக்க வேண்டிய இருவரும் சட்டைக் கையைச் சுருட்டித் தயாராக நின்றார்கள். செயலாளர் ஒலிவாங்கியை நீட்டினார். இவ்வளவு பேர் முன்னால் அவள் பேசியதே இல்லை.

"இவர் நடக்கலை" என்றாள்.

மேளக்காரர் பழக்கதோஷத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, என்ன சொன்னாள் என்று பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார்.

"பத்திரிகையில வந்தது தப்பு. தினமும் கேக்கிறேன். இன்னும் கிடைக்கலை. சில நாள் கோபம் வரும், அன்னைக்கும் கேப்பேன். நாளைக்கும் கேப்பேன். கிடைக்காமலே போனாலும் ஆண்டவரை விட்டுட்டு நான் வேற யார்கிட்ட போவேன்? என் சாட்சி அவ்வளவுதான்."

அல்லேலூயாவும் இல்லை, கைதட்டலும் இல்லை. போதகர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டி, கடைசியில் கல்யாணப் பாட்டொன்றின் எண்ணைச் சொன்னார். சபையும் எழுந்து அதையே பாடியது.

திங்கட்கிழமை காலை, முதல் தையல் போடும்போது வாசலில் நிழல் விழுந்தது. "ஸ்தோத்திரம்" முன்னால் வரவில்லை, ஆள்தான் வந்தார். கையில் வழக்கமாகக் கொண்டுவரும் அதே சாம்பல்நிறக் கால்சட்டை.

திட்ட வந்திருக்கிறார் என்று நினைத்து அவள் எழுந்தாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"வலிக்குதும்மா."

"மறுபடியுமா ஐயா?"

"போகவே இல்லை. அன்னைக்கு மேடையில நிக்கும்போதும் வலிச்சுது. குணமாயிட்டேன்னு சொல்லிட்டேனே, இனி வலிக்குதுன்னு ஆண்டவர்கிட்ட எப்படிக் கேக்கிறதுன்னு... ரெண்டு வருஷமா அதுக்காக ஜெபமே பண்ணலை."

தையல்காரி அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"ஒலிபெருக்கி" என்று கட்டிலில் இருந்தவர் முதல்முறையாக முகத்துக்கு நேரே அழைத்தார். "முதல்ல டாக்டரைப் பாருங்க. இப்ப நாற்காலியை இப்படிப் போடுங்க. மூணு பேருமா கேப்போம். மெதுவா கேளுங்க, ஆண்டவருக்குக் காது நல்லாத்தான் கேக்கும்."

கேட்டார்கள். செயலாளருக்கு நான்கு வார்த்தைக்குமேல் வரவில்லை. பிறகு தையல்காரி நாடாவை எடுத்து அவர் இடுப்பைச் சுற்றினாள். முப்பத்திரண்டு.

"பிடிச்சுக் கொடுங்க" என்றவர், தயங்கினார். "உள்ள இருக்கிற துணியை மட்டும் வெட்டிடாதீங்கம்மா. பின்னாடி பிரிக்க வேண்டி வந்தாலும் வரும்."

அவள் கால்சட்டையின் உட்புறத்தைத் திருப்பிக் காட்டினாள். ஒவ்வொரு முறையும் மடித்த துணி அத்தனையும் அடுக்கடுக்காக அங்கேயே இருந்தது.

"நான் எப்பவுமே வெட்டினதில்லை ஐயா."