ஒரே ஒரு புகார்

வண்டி மூன்று மணிக்கு வந்தால் போதும் என்று சொல்வதற்காக மகள் பழக்கத்தில் வீட்டுப் போனை எடுத்துக் காதில் வைத்தாள். அவளுடைய கைப்பேசி உள்ளறையில் சார்ஜில் கிடந்தது. காதில் எந்தச் சத்தமும் இல்லை. இரண்டு தடவை வைத்து எடுத்துப் பார்த்தாள். வயரைப் பிடுங்கித் திரும்பச் செருகினாள். மேசையில் இருந்த பழைய கறுப்புப் பெட்டியில் இணையத்துக்கான விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் போனுக்கான விளக்கு மட்டும் அணைந்திருந்தது.

"அது வேலை செய்யாது," என்றாள் அம்மா. கூடத்தில் அப்பாவின் உடலைக் கிடத்தியிருந்த கட்டிலின் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். "முந்தாநாள் மத்தியானத்துலருந்தே சத்தம் வரல."

"நேத்து காலைலன்னுதானேம்மா சொன்னே?"

"நேத்து காலைல நான் எடுத்துப் பாத்தேன். முந்தாநாளே உங்கப்பா பாத்துட்டாரு."

மகள் போனைக் கீழே வைத்தாள். முந்தாநாள் மத்தியானம் இரண்டு மணி. அந்த நேரத்தை அவளுக்கு யாரும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. அந்த நேரத்துக்குப் பொத்தானை அழுத்தியவளே அவள்தான்.

இணையம் வழியாக வீடுகளுக்குப் போன் இணைப்புக் கொடுக்கும் கம்பெனியில் அவளுக்கு வேலை. வீட்டுப் பெட்டிகளுக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே அப்டேட் அனுப்பும் பிரிவு. யாரும் வீடு வீடாகப் போக வேண்டாம், யாரையும் ஒரு வார்த்தை கேட்கவும் வேண்டாம். பெட்டி தானே வாங்கிக்கொள்ளும், தானே அணையும், தானே எழுந்துகொள்ளும். எல்லாருக்கும் அனுப்புவதற்கு முன்னால் ஊழியர்களின் சொந்தக்காரர் வீடுகள் அறுபதுக்கு அனுப்பிப் பார்ப்பது அங்கே வழக்கம். வாடிக்கையாளரிடம் திட்டு வாங்குவதற்கு முன்னால் மாமியாரிடம் வாங்கிவிடலாம் என்று அலுவலகத்தில் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வார்கள். மத்தியானம் இரண்டுக்கு அனுப்பினால், மாலை ஆறு வரை புகார் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் அனுப்பியவரே 'சரி' போட்டுவிடலாம்.

மகள் தன் பங்குக்கு அப்பா வீட்டைக் கொடுத்திருந்தாள். அப்பாவுக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. முப்பத்திரண்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு தன்னை நம்பி ஒரு வேலை வந்திருக்கிறதே என்று அதைக் கண்ணும் கருத்துமாகச் செய்தார். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் அரைமணி கழித்து அவளைக் கூப்பிடுவார். "மேனேஜரம்மா, லைன் உண்டு," என்பார். வேறு ஒரு வார்த்தை பேசாமல் வைத்துவிடுவார். அவள் மேனேஜர் இல்லை, ஆகப்போவதும் இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் அவர் பட்டத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

ஆனால் அந்த ஆறு மணிக் கணக்கு மட்டும் அவருக்குப் பிடிக்கவே இல்லை. "அதெப்படி? உள்ள மாட்டிக்கிட்டவன் கத்தலைன்னா, லிஃப்ட்ல ஆளே இல்லன்னு எழுதிடுவியா?" என்று ஒருமுறை கேட்டார். அவள் சிரித்து மழுப்பிவிட்டாள்.

முந்தாநாள் அவர் கூப்பிடவில்லை. ஐந்து மணிக்கு அவளுக்கு அது உறைத்தது. அசந்து தூங்கியிருப்பார் என்று நினைத்தாள். ஆறு மணிக்கு ஒரு புகாரும் இல்லை. 'சரி' போட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

நேற்றுக் காலை ஆறு மணிக்கு அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அம்மா போனை எடுத்தாள். சத்தம் இல்லை. இரண்டு மாடி இறங்கிக் கீழே இருக்கும் டெய்லர் கடைக்கு ஓடினாள். பூட்டியிருந்தது. தெருவில் மூன்றாவது வீட்டில்தான் கதவைத் திறந்தார்கள். ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தபோது நாற்பது நிமிஷம் போயிருந்தது. "முன்னாடியே வந்திருந்தா பிழைச்சிருப்பாருன்னும் சொல்ல முடியாது, பிழைச்சிருக்க மாட்டாருன்னும் சொல்ல முடியாது," என்றார் டாக்டர். மகள் நேற்று முழுக்க அந்த ஒரு வாக்கியத்தை மென்றுகொண்டே இருந்தாள். வயரில் ஏதோ கோளாறு, நம் நேரம் என்றுதான் நினைத்திருந்தாள்.

இப்போது நிமிர்ந்து பார்த்தாள். போனுக்கு மேலே மாதக் காலண்டர். ஆணியிலிருந்து நூலில் ஒரு பென்சில் தொங்கியது. முந்தாநாள் கட்டத்தில் அப்பாவின் பொடி எழுத்து: 'அப்டேட். 2.30 லைன் இல்லை. 3.15 இல்லை. 5.00 இல்லை. டெய்லர் கடை லீவு. காலையில் முதல் வேலையாக அவளுக்குச் சொல்ல வேண்டும்.'

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். பெட்டியைத் திருப்பி அடியில் ஒட்டியிருந்த மாடலைப் பார்த்தாள். பதினொரு வருடப் பழசு. ஊழியர் வீடுகளில் எல்லாரும் புதுப் பெட்டிக்கு மாறியாயிற்று. ஓடுகிற மெஷினை எதற்குக் கழற்ற வேண்டும் என்று அப்பா ஒருவர்தான் மாற்ற விடவில்லை. அறுபது வீடுகளில் இந்தப் பழைய பெட்டி இந்த ஒரு வீட்டில்தான். மற்ற ஐம்பத்தொன்பதும் நன்றாகத்தான் இருந்திருக்கும். பேசுகிற பாகத்தை இந்தப் பெட்டி மட்டும் இழந்திருக்கிறது. இழந்ததைச் சொல்ல இதற்கு வாயும் இல்லை.

அவள் போட்ட 'சரி'யின் பேரில் இன்று பன்னிரண்டு மணிக்கு அப்டேட் ஊர் முழுக்கப் போகப்போகிறது. அதில் இந்தப் பழைய மாடல் மட்டும் பதினோராயிரம். அதை இன்னும் வைத்திருப்பவர்கள் யார் என்பதும் அவளுக்குத் தெரியும். அப்பாவைப் போன்றவர்கள், அம்மாவைப் போன்றவர்கள்.

உள்ளறைக்குப் போய்க் கைப்பேசியில் மேலாளரைக் கூப்பிட்டாள். எதைக் கேட்டாலும் 'அப்புறம் பாக்கலாம்' என்பதால் அலுவலகத்தில் அவருக்கு 'அப்புறம்' என்றே பெயர்.

"மன்னிச்சுக்கோங்கம்மா, நேத்தே வரணும்னு நெனச்சேன்," என்றார் அவர்.

"சார், பன்னெண்டு மணி அப்டேட்டை நிறுத்தணும். பழைய பெட்டியில போன் செத்துப் போகுது."

"புகார் ஒண்ணும் இல்லையே. நீங்கதானே சரி போட்டிருக்கீங்க?"

"நான் போட்டது தப்பு."

"இந்த நேரத்துல இதெல்லாம் எதுக்கு? காரியத்தைப் பாருங்க. அப்புறம் பேசலாம். அதோட, போட்ட சரியைப் போட்டவங்கதான் எடுக்க முடியும். இங்க வந்து, அவங்க கார்டை வச்சு. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். அந்த விதியை எழுதியவர்களில் அவளும் ஒருத்தி. வண்டிக்காரருக்கு மூன்று மணி என்று சொல்லிவிட்டு, அடையாள அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். ஆணியிலிருந்து காலண்டரைக் கழற்றிச் சுருட்டினாள். வாசலில் வந்தவர்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்த சித்தப்பா அவள் கழுத்தில் அட்டையைப் பார்த்துவிட்டார்.

"எங்க கிளம்பிட்டே?"

"ஆபீசுக்கு சித்தப்பா. ரெண்டு மணிக்குள்ள வந்துடுவேன்."

"அப்பா படுத்திருக்காரு. ஜனங்க வந்துட்டே இருக்காங்க. ஒத்தப் பொண்ணு நீ, ஆபீசுக்குப் போறேங்கறே. கேக்கறவங்க என்ன சொல்லுவாங்க?"

"சொல்றவங்க சொல்லட்டும்."

"அண்ணி, நீங்களாச்சும் சொல்லுங்க."

மகள் அம்மாவின் அருகில் குனிந்தாள். ஊருக்குச் சொல்லாவிட்டாலும் இவளுக்குச் சொல்லாமல் வாசல்படி இறங்க முடியாது என்று பட்டது. "அம்மா, இந்தப் போனை நிறுத்தினதே நான்தான். நான் அனுப்பினதுலதான் நின்னு போச்சு. எல்லாம் சரியா இருக்குன்னு நானே எழுதியும் கொடுத்துட்டேன். இப்பப் போகலைன்னா இதே மாதிரி நிறைய வீட்டுல நிக்கும்."

அம்மா அவளைப் பார்க்கவில்லை. அப்பாவின் சட்டைக் காலர் ஒரு பக்கம் மடிந்திருந்தது. அதை எடுத்து நீவிச் சரிசெய்தாள். மறுபக்கம் சரியாகத்தான் இருந்தது, அதையும் நீவினாள்.

"மணி என்ன?" என்றாள் அம்மா.

"பத்தே முக்கால்."

"அப்பக் கிளம்பு."

வாடகைக் காரில் போகும்போது அவள் அழுதாள். யாரும் பார்க்காத இருபத்தைந்து நிமிஷம் கிடைத்தது, அதை வீணாக்கவில்லை. அலுவலக வாசலில் இறங்கும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் உள்ளே நுழைந்ததும் மொத்த அறையும் எழுந்து நின்றது. ஆறுதல் சொல்ல வந்தவர்களை விலக்கிக்கொண்டு நேராகத் தன் கணினிக்குப் போனாள். அடுத்த இருக்கையில் இருப்பவள் 'கண்ணாடி'. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கண்ணாடிக் கதவில் மோதிக்கொண்டதால் வந்த பெயர். அவள் ஒன்றும் கேட்காமல் தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

'சரி'யைத் திரும்பப் பெறக் காரணம் கேட்டது கணினி. புகார் இருந்தால்தான் காரணம், இல்லாவிட்டால் நகராது.

மேலாளர் பின்னால் வந்து நின்றார். "உங்க வருத்தம் எனக்குப் புரியுது. ஆனா ஒரு புகார்கூட இல்லாம நிறுத்தினா மேல என்னைத்தான் கேப்பாங்க. நாளைக்குப் புகார் வந்தா அப்ப..."

"எப்படி சார் வரும்? போயிருக்கிறது போன். எதுல கூப்பிட்டுச் சொல்லுவாங்க?"

"வேற போன் இருக்குமில்ல?"

"எங்க வீட்டுல இல்ல."

அவள் காலண்டரை மேசைமேல் விரித்தாள். சுருண்டு சுருண்டு எழுந்த ஓரங்களைக் கண்ணாடி இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "புகார் இருக்கு சார். முந்தாநாள் ரெண்டரை மணிக்கே இருக்கு. நம்ம ஆறு மணிக்குள்ள மூணு தடவை இருக்கு. நம்மகிட்ட வந்து சேரல, அவ்வளவுதான்."

மேலாளர் குனிந்து படித்தார். முந்தைய மாதங்களையும் புரட்டிப் பார்த்தார். ஒவ்வொரு அப்டேட் தேதியிலும் அதே பொடி எழுத்து, நேரத்தோடு: 'லைன் உண்டு.' ஒரு தேதிகூட விட்டுப்போகவில்லை.

அவள் புகார்ப் படிவத்தை நிரப்பினாள். புகாரின் தன்மை: லைன் இல்லை. கொடுத்தவர் என்ற இடத்தில் அப்பாவின் பெயரை அடித்தாள். கொடுத்தவரைத் திரும்பத் தொடர்புகொள்ள எண் என்று கேட்டது. விரல் ஒரு கணம் நின்றது. பிறகு வீட்டு எண்ணை அடித்தாள். தன் அட்டையை வைத்தாள். மேலதிகாரியின் அட்டையும் வேண்டும் என்றது திரை. சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று நாற்பத்தெட்டு.

"அப்புறம்..." என்று ஆரம்பித்தார் மேலாளர். காலண்டரை இன்னொரு முறை பார்த்தார். கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றி, தானே குனிந்து வைத்தார். பன்னிரண்டு மணிக்கு எதிரே இருந்த பச்சைக் கோடு சாம்பல் நிறமாகி நின்றது.

"நீ வீட்டுக்குப் போ," என்றாள் கண்ணாடி. "உங்க வீட்டுப் பெட்டிக்குப் பழசையே திருப்பி அனுப்பிப் பாக்கறேன். எழுந்துக்குதான்னு தெரிஞ்சாத்தான் மத்ததை நம்பலாம்." விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "நானே பாத்துக்கறேன். நீ போ."

வீடு திரும்பியபோது மணி பன்னிரண்டரை. சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதும்மா. நிறுத்தியாச்சு."

"அவர் எழுதி வச்சதப் பாத்தாங்களா?"

"எல்லாத்தையும் பாத்தாங்க. அப்பா பேர்லதான் புகார் எழுதியிருக்கு."

அம்மா தலையை ஆட்டினாள். வருகிறவர்கள் வந்தார்கள், போகிறவர்கள் போனார்கள். மகள் அப்பாவின் கைமேல் கை வைத்துக்கொண்டே இருந்தாள். ஸ்பானர் பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கை. காய்ப்பு இன்னும் அப்படியே இருந்தது.

மூன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கீழே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. நான்கு பேர் மேலே வந்தார்கள். சித்தப்பா கட்டிலின் கால்மாட்டுக்குப் போனார். தூக்கலாம் என்று யாரோ சொல்ல வாயெடுத்த நேரம், போன் அடித்தது.

கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மகள் எழப்போனாள். அம்மா அவள் தோளைப் பிடித்து அழுத்தி, அதையே ஊன்றிக்கொண்டு எழுந்தாள். மெதுவாக நடந்துபோய் எடுத்துக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் பேசியதைக் கேட்டாள்.

"உண்டு," என்றாள். "லைன் உண்டு." வைத்துவிட்டாள்.

பிறகு சுவரைப் பார்த்தாள். வெறும் ஆணியும் அதில் தொங்கும் பென்சிலும்தான் இருந்தன. மகள் பையிலிருந்து காலண்டரை எடுத்து மாட்டினாள். மேசைமேல் இருந்த அப்பாவின் மூக்குக்கண்ணாடியை அம்மா எடுத்துப் போட்டுக்கொண்டாள். தூக்க வந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். சித்தப்பாவும் அவசரப்படுத்தவில்லை.

"மணி என்ன?" என்றாள் அம்மா.

"ரெண்டு அம்பத்தேழும்மா."

இன்றைய கட்டத்தைத் தேடிக் கண்டுபிடித்து அம்மா எழுத ஆரம்பித்தாள். பென்சில் முனை மழுங்கியிருந்தது. அழுத்தி அழுத்தி எழுதினாள்.