இருபத்து மூன்று வினாடி விழா

கல்யாணத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காரும் சிவப்பு சோபாவில் ஜெயாவைத் தனியாக உட்காரவைத்திருந்தார்கள். சாய்ந்தால் ஆளை உள்ளே வாங்கிக்கொள்ளும் மெத்தை. சேதராப்பட்டு கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்றபடி சோப்பு அடுக்கிப் பழகியவள், விளிம்பிலேயே இருந்தாள். அவளுடைய கஷ்டம் மெத்தை அல்ல. கரிக்கலாம்பாக்கத்தின் அந்த மண்டபத்தில் பெரிய திரையை மேடையின் பின்சுவரில் பதித்திருந்தார்கள். கீழே இருந்த முந்நூறு பேருக்கும் அது தெரியும், சோபாவில் இருப்பவளைத் தவிர. மகள் ஓடுவதைப் பார்ப்பதற்காகவே கூட வேலை செய்கிறவளின் கையைக் காலைப் பிடித்து ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். வந்த இடத்தில் மரியாதை செய்து முதுகுப்புறமாக உட்காரவைத்துவிட்டார்கள்.

மகள் சுகன்யாவுக்கு அன்று சாயங்காலம் நாலே முக்காலுக்கு, கடல் தாண்டிய ஒரு நாட்டில், ஆசியத் தடகளப் போட்டியின் பெண்கள் இருநூறு மீட்டர் அரையிறுதி. அரையிறுதி என்பதை விழாக்குழு தெரிந்துகொண்டதே பேனர் கட்டிய பிறகுதான். ‘ஆசியாவின் தங்க மங்கையே’ என்று இரண்டு நாள் முன்பே அடித்துவிட்டிருந்தார்கள். அதன் பிறகு கடைக்காரருக்கு ஒரு தலைவரின் பிறந்தநாள் வேலை இருந்ததாம். பேனரில் தலைமை விருந்தினர் புகழ்வேந்தன் ஆள் உயரத்துக்குக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். சுகன்யா அவருடைய வேட்டிக் கரைக்கு அருகே, தபால்தலை அளவில் ஓடிக்கொண்டிருந்தாள்.

புகழ்வேந்தன் முன்னாள் வாரியத் தலைவர். எந்த வாரியம் என்பது அவருக்கே சில சமயம் சந்தேகம். மூன்று மணி விழாவுக்கு நாலே காலுக்கு வந்தார். வந்ததும் விழாக்குழுச் செயலாளர் மணிவண்ணனைத் தனியே அழைத்து, ஓட்டம் எம்மா நேரம்பா என்று கேட்டார். இருபத்து மூணு செகண்டுண்ணே என்றான் மணிவண்ணன்.

“அம்மாந்தானா? அதுக்காடா மண்டபம் புடிச்சீங்க?”

மீதி நேரத்தைத் தாமே நிரப்புவது என்று அவர் பெரிய மனதோடு முடிவு செய்தார்.

பேச்சில் சுகன்யாவைத் தம் மடியில் வளர்ந்த குழந்தை என்றார். ஜெயா தரையைப் பார்த்தாள். நெல் வயலைத் தூர்த்துப் போட்ட அவருடைய மனைப்பிரிவில், விலை போகாத மனைகளுக்கு நடுவே நீளமாக ஒரு தார் ரோடு இருந்தது. சுகன்யா ஓடிப் பழகியது அங்கேதான். மனை வாங்க வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று இரண்டு முறை அவருடைய ஆட்கள் கேட்டைச் சாத்தினார்கள். பிள்ளை ஏறிக் குதித்தாள். மடி என்று அவர் சொன்னது அந்தக் கேட்டாக இருக்கலாம்.

போன வருஷம் இதே மாதிரி ஒரு போட்டியில், துப்பாக்கி வெடிப்பதற்கு ஒரு கண்சிமிட்டல் முன்னால் சுகன்யாவின் கால் அசைந்துவிட்டது. இந்த விளையாட்டில் இரண்டாவது வாய்ப்பு கிடையாது. சிவப்பு அட்டையைக் காட்டி வெளியே அனுப்பிவிட்டார்கள். நாலு வருஷ உழைப்பு ஓடாமலேயே முடிந்தது. ஊர் அதற்கு ‘பயந்துட்டா’ என்று பெயர் வைத்தது. இன்று பேனர் கட்டியவர்களின் வாய்களும் அதில் உண்டு. ஊருக்கு வந்தவள் ஒரு வாரம் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. எட்டாம் நாள், அம்மாவிடம் இரண்டு மரப்பலகைகளைக் கொடுத்தாள்.

வார லீவு நாட்களில் அம்மாவும் மகளும் அந்தத் தார் ரோட்டுக்குப் போனார்கள். சுகன்யா கையூன்றிக் குனிந்து, இடுப்பை உயர்த்தி நிற்பாள். ஜெயா பின்னால் நின்று, துப்பாக்கி வெடிக்குப் பதிலாகப் பலகைகளைச் சேர்த்து அடிக்க வேண்டும். ‘நீ என்ன ஏமாத்தணும்மா’ என்பதுதான் மகள் வைத்த ஒரே சட்டம். ஜெயா ஏமாற்றினாள். சில நேரம் உடனே அடித்தாள். சில நேரம் கொசு கடிக்கக் கடிக்கக் காத்திருந்தாள். அடிக்கப் போவதுபோல் இருமினாள். தொடை நடுங்கினாலும் பிள்ளை நின்றாள். சத்தம் கேட்டதும் பத்தடி பாய்ந்து நிற்பாள், திரும்பி வருவாள், மறுபடி குனிவாள். ஜெயா பார்த்ததெல்லாம் அந்தப் பத்தடிதான். பந்தயத்தில் மகள் ஓடி அவள் ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. எல்லாம் முடிந்தபின் போனில் வரும் வீடியோதான். இன்று ஜெயித்தாலும் தோற்றாலும் போகட்டும், அந்த முதல் நொடியில் பிள்ளை அசையாமல் நிற்பதைத் தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றிருந்தாள்.

புகழ்வேந்தன் திரையைத் திரும்பிப் பார்த்துவிட்டு மைக்கில் முழங்கினார்.

“பாருங்க, எட்டுப் பேர்ல நம்ம பொண்ணுதான் ஏழு பொண்ணுங்களையும் தாண்டி முன்னாடி நிக்குது. ஓடறதுக்கு முன்னாடியே லீடு.”

மண்டபம் கைதட்டியது. ஜெயாவுக்கு வாய் நிற்கவில்லை.

“வளைவு சார் அது. வெளிப்பக்கம் ஓடறவங்களுக்கு தூரம் ஜாஸ்தி, அதான் முன்னாடி நிறுத்தறாங்க. முடிக்கறப்ப எல்லாம் ஒண்ணுதான்.”

“அதான் நானும் சொல்றேன்” என்றார் புகழ்வேந்தன்.

பிள்ளைகள் கோட்டுக்கு வந்துவிட்டார்கள் என்றால் ஓட்டத்துக்கு இன்னும் ஒரு நிமிஷம்கூட இருக்காது. அவரோ பொன்னாடையை உதறி விரித்தார். போட்டோகிராபர் இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் என்று கையாட்டினார். மணிவண்ணன் மைக்கை ஜெயாவின் கையில் திணித்து, ரெண்டு வார்த்தை பேசுக்கா என்றான். முன்வரிசை முகங்கள் அவளைத் தாண்டி மேலே நிலைத்திருப்பதை ஜெயா பார்த்தாள். எழுந்தாள்.

“எல்லாரும் கொஞ்சம் சும்மா இருங்க. புள்ளைங்க குந்திட்டாங்க.”

அவ்வளவுதான். மைக்கை சோபாவில் போட்டுவிட்டு, கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். கம்பெனியில் ஒருநாளும் குரல் உயர்த்தாதவளின் வார்த்தைக்கு முந்நூறு பேர் அடங்கினார்கள். பொன்னாடையை இரண்டு கையாலும் விரித்த புகழ்வேந்தன், தமக்கும் அது பொருந்துமா என்று தெரியாமல் அப்படியே நின்றார்.

திரையில் எட்டு இடுப்புகள் உயர்ந்தன. சுகன்யா எட்டாவது தடத்தில். ஒருத்தி பாய்ந்தாள். அவளோடு இன்னும் இரண்டு பேர். மறுபடி கூப்பிடும் வெடி கேட்டது. யாரோ சிவப்பு அட்டையோடு எட்டாவது தடத்தின் பக்கமாக நடந்து வந்தார்.

“போச்சு. மறுபடி அவுட்டா?” என்றது பின்வரிசைக் குரல் ஒன்று.

அட்டை ஏழாவது தடத்தில் நின்றது. அங்கிருந்த பெண் முகத்தைப் பொத்திக்கொண்டாள். காமெரா நடந்ததை மெதுவாகத் திரும்பக் காட்டியது. முதுகுக்குப் பின்னால் அடுத்தவள் பாய்ந்த சத்தம் அத்தனை கிட்டத்தில் கேட்டும், சுகன்யாவின் விரல்கூடத் தரையைவிட்டு எழவில்லை.

“ஆடல” என்றாள் ஜெயா, யாருக்கென்று இல்லாமல். “பாத்தியா, ஆடவே இல்ல.”

மறுபடி குனிந்தார்கள். இம்முறை வெடித்தது. ஜெயாவுக்குத் தெரிந்த பத்தடி கண்மூடித் திறப்பதற்குள் முடிந்து, அவள் பார்த்தேயிராத சுகன்யா தொடங்கினாள். வளைவில் சாய்ந்து, முழங்கால் மார்பு வரை ஏறி, அளந்து வைத்தது போல் ஒவ்வோர் அடியும் விழுந்து, அந்த வீச்சில் எங்குமே அவசரம் இல்லை. வளைவு முடிந்து நேர்கோட்டுக்கு வந்ததும் முன்னாடி நின்றவள் எங்கே போனாள் என்று கூட்டம் பதறியது. இரண்டு பேர் அவளைத் தாண்டினார்கள். மூன்றாமவள் தோளுக்குத் தோள் வந்தாள். சுகன்யா முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. இந்தப் பிள்ளைக்கா தினமும் பழைய சோறு கட்டிக்கொடுத்தோம் என்று ஜெயாவுக்குத் தோன்றியது. கோட்டில் மார்பை நீட்டி விழுந்தவர்களில் அவள் நான்காவது.

முதல் மூன்று பேர் நேராக இறுதிக்கு. நான்காமவள் அடுத்த அரையிறுதி முடியும்வரை காத்திருக்க வேண்டும். நேரம் போதுமானால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஜெயா இதை மணிவண்ணனுக்கு இரண்டு தடவை சொன்னாள்.

“அப்ப தங்கம்?” என்றார் புகழ்வேந்தன்.

திரையின் ஓரத்தில் சுகன்யா முழங்காலில் கையூன்றி, நேரப் பலகையை அண்ணாந்து பார்த்தபடி நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் வேறு எட்டுப் பெண்கள் வந்து கோட்டில் குனிந்தார்கள். யாரும் சொல்லாமலே மண்டபம் அடங்கியது. பொன்னாடை இன்னும் தலைவரின் இரண்டு கைகளுக்கு நடுவே தொங்கிக்கொண்டிருந்தது. அவருக்குப் பக்கத்தில், இல்லாத பலகைகளைப் பிடித்தபடி, ஜெயாவின் கைகளும் ஓரடி இடைவெளியில் காற்றில் அசையாமல் நின்றன.