முதல் தடவையே சரி என்று சொல்லாதவன்

யஸ்வந்த் வாயைத் திறந்தால் நகரியில் விசைத்தறிச் சத்தமே அடங்கிவிடும் என்பார்கள். கொஞ்சம் மிகைதான். விசைத்தறி யாருக்கும் அடங்காது. ஆனால் இருபத்திரண்டு வயதில், வாலிபர் கூட்டத்தில் கையில் துண்டுச்சீட்டுகூட இல்லாமல் நாற்பது நிமிடம் பிரசங்கம் செய்தவன் அவன். அப்படிப்பட்டவன் ஜப்பானுக்கு மிஷனரியாகப் போவதற்காகச் சித்தூருக்குப் பயிற்சிக்கு வந்த மூன்றாம் நாளே, இன்னும் கொஞ்சம் சாம்பார் கேட்க வழி தெரியாமல், வாளியைப் பார்த்து விரலை ஆட்டிக்கொண்டிருந்தான்.

விதி அப்படி. மாங்காய் மண்டிக்குப் பின்னால் இருந்த அந்தப் பயிற்சி இல்லத்தில், காலை ஆறு மணியிலிருந்து பகல் பன்னிரண்டு வரை, போகப்போகிற நாட்டின் மொழியைத் தவிர வேறு எதுவும் பேசக்கூடாது. அறைத்தோழன் ஹரிபாபு கென்யாவுக்குப் போகிறவன். இவன் ஜப்பானிய மொழியில் தடுமாற, அவன் சுவாஹிலியில் தடுமாற, ஒருவர் சொல்வது மற்றவருக்கு எள்ளளவும் புரியாது. பன்னிரண்டு அடித்ததும் தமிழும் தெலுங்குமாக இருவரும் கொட்டித் தீர்ப்பார்கள். காலையில் யார் யாருடைய பக்கெட்டை எடுத்தது என்ற சண்டைகூட அதுவரை காத்திருக்கும்.

ஜெபமும் அந்த மொழியில்தான் செய்ய வேண்டும். இரண்டாவது வாரம் யஸ்வந்திடம் இருந்தது ஏறக்குறைய நாற்பது சொல். கண்ணை மூடிக்கொண்டு, "பிதாவே. சோறு. நன்றி. அம்மா. முழங்கால். வலிக்கிறது. தயவுசெய்து," என்றான். அதற்கு மேல் சரக்கு இல்லை. அடுக்குமொழியும் இல்லை, ஏற்ற இறக்கமும் இல்லை. முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு, அம்மாவின் முழங்காலுக்காக இதற்கு முன் ஒருநாளும் தான் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை என்பது உறைத்தது. அன்றைக்குக் கொஞ்சம் அழுதுவிட்டான்.

செவ்வாயும் வெள்ளியும் திருப்பதியில் வகுப்பு. மொட்டைத் தலைகளும் லட்டுப் பைகளுமாக நெரியும் பேருந்து நிலையத்தைத் தாண்டி, ஒரு மாடியறையில் ரூபா சொல்லிக்கொடுத்தாள். சத்தியவேட்டுப் பெண். இவனைவிட இரண்டு வயதுதான் மூத்தவள். ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஜப்பான்காரர்களுக்கு மூன்று வருடம் மொழிபெயர்த்துவிட்டு வந்தவள். முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டாள்: "சாமி விஷயம் உன் விஷயம். என்கிட்ட பாஷை மட்டுந்தான்."

இவன் "காலை வணக்கம்" சொன்னதற்குக் கீழ்வீட்டு நாய் குரைத்தது.

"எதிர்ல இருக்கறது ஒரே ஒரு ஆளு யஸ்வந்த். இன்னாத்துக்கு மைதானத்துக்கே கத்தற?" என்றாள் ரூபா.

"தறி வீட்டுப் புள்ள நானு, அக்கா. மெதுவா பேசினா எங்க வீட்ல எவனுக்கும் கேக்காது."

நான்கு வாரத்தில் குரல் இறங்கியது. ஐந்தாவது வாரத்தில் ஜப்பானிய வணக்கத்துக்கு முதுகு ஒழுங்காகக் குனிந்தது. ஆறாவது வாரம்தான் பரீட்சை. பரீட்சையின் பெயர் ஓகாவா அம்மையார்.

அவர் வடக்கு ஜப்பானில் பனி கொட்டுகிற ஒரு சிற்றூரின் சபையிலிருந்து வந்திருந்தார். சபையில் மொத்தமே ஒன்பது பேர், எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். ஓர் இளைஞன் வேண்டும் என்று ஊர் ஊராகத் தேடிக்கொண்டிருந்தார். அவர் சரி என்றால் யஸ்வந்த் ஜனவரியில் விமானம் ஏறுவான். இல்லையென்றால் இல்லத்துக்கு ஜப்பானில் வேறு இடம் கிடையாது, நகரிக்குத் திரும்பித் தறிக்கு முன்னால் நிற்க வேண்டியதுதான். இரண்டு வாரமாக அவனுக்குச் சரியான தூக்கமில்லை.

திருப்பதியில் ஓட்டல் வரவேற்பறையில் சந்திப்பு. மொழிபெயர்க்க யாரும் கூடாது என்பது அம்மையாரின் நிபந்தனை. ஹரிபாபு வாசலில் காத்திருந்தான். பெயர், ஊர், அம்மா செய்யும் வேலை, பிடித்த காய்கறி எல்லாவற்றுக்கும் யஸ்வந்த் சறுக்காமல் பதில் சொன்னான். கடைசியில் அம்மையார் நோட்டுப் புத்தகத்தின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டார்: "எங்கள் ஊருக்கு வர உங்களுக்கு விருப்பமா?"

இங்கேதான் நம் பையனின் வளர்ப்பு குறுக்கே வந்து நின்றது. அம்மா வரலட்சுமி அவனுக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு. "மொத வாட்டி கேட்டதுமே சரின்னா, அலைஞ்சவன்னு நெனைப்பாங்கடா. காப்பியா இருந்தாலும் சரி, கல்யாணமா இருந்தாலும் சரி. ரெண்டு வாட்டி வேணான்னு சொல்லு. மூணாவது வாட்டி, போனா போவுதுன்னு ஒத்துக்கோ." நகரியில் இதற்கு மறுபாதியும் உண்டு. கேட்பவர் விடாமல் மூன்று தடவை கேட்பார். கேட்காவிட்டால் அவருக்குத்தான் மரியாதை தெரியாது என்று அர்த்தம்.

ஆகவே யஸ்வந்த் அழகாகக் குனிந்து, "இல்லை, இல்லை. அதற்கெல்லாம் நான் தகுதியான ஆள் இல்லை," என்றான். இரண்டாம் தடவைக்கு ஒரு மறுப்பும், மூன்றாம் தடவைக்குக் கண்ணில் நீர் வரும்படி ஒரு சம்மதமும் நெஞ்சில் தயாராக இருந்தன.

"புரிந்தது," என்று அம்மையார் தலை தாழ்த்தினார். நோட்டுப் புத்தகத்தில் ஒரு கோடு போட்டு மூடிவிட்டு எழுந்தார். சரி, மிச்ச இரண்டு தடவையை இல்லத்துப் பெரியவர்களிடம் கேட்பார்கள்போல என்று எண்ணிக்கொண்டு இவனும் எழுந்தான்.

சித்தூர் பேருந்தில் ஹரிபாபுவிடம், தான் பேசியதை வரி விடாமல் ஒப்பித்துக்கொண்டு வந்தான். சந்திரகிரி வருகையில் ரூபாவிடமிருந்து போன்.

"டேய், உனக்கு இன்னா பைத்தியமா? ஜப்பான் வேணான்னியாமே! அந்தம்மா எனக்குப் போன் பண்ணி, பையன் நல்ல பையன், இஷ்டமில்லன்னு மரியாதையா சொல்லிட்டான்னாங்க."

"ஐயோ அக்கா! மொத வாட்டி வேணான்னுதானே சொல்லணும்? அவங்க திரும்பக் கேக்கவே இல்லையே!"

மறுமுனையில் ரூபா தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் தெளிவாகக் கேட்டது. "வேணான்னா வேணான்னுதான்டா அவங்களுக்கு! ரெண்டு மணிக்கு ரேணிகுண்டாவுல பிளைட்டு. கெளம்பிக்கினு இருக்காங்க."

விஷயம் புரிந்ததும் ஹரிபாபு இவன் முதுகில் கை வைத்து, "திகுரா! எறங்கு, எறங்கு!" என்று தள்ளினான். நடத்துநர் தெலுங்கில் வாழ்த்தியதை இங்கே எழுத முடியாது. ஒரு ஷேர் ஆட்டோவில், வாழைத்தாருக்கும் ஒரு கல்யாண கோஷ்டிக்கும் நடுவில் பாதி உடம்பு வெளியே தொங்க, யஸ்வந்த் திருப்பதிக்குத் திரும்பினான். வழியெல்லாம் நாற்பது நிமிடப் பிரசங்கம் ஒன்றை ஜப்பானிய மொழியில் கட்டப் பார்த்தான். நான்கு சொல் தேறியது.

ஓகாவா அம்மையார் வரவேற்பறையில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். வியர்வை சொட்ட வந்து நின்றவனைக் கண்டு பதறி எழுந்தார்.

"நான் வர விரும்புகிறேன்," என்றான் யஸ்வந்த். குனிய மறந்துபோனான். "காலையில் பொய். ஊர் வழக்கம். முதல் தடவை, இல்லை. மூன்றாவது தடவை, ஆம். நீங்கள் கேட்பீர்கள் என்று காத்திருந்தேன்."

அம்மையார் மெல்ல உட்கார்ந்தார். குழந்தைக்குச் சொல்வதுபோல் சின்னச் சின்ன வாக்கியங்களாகப் பேசினார். முக்கால்வாசி இவனுக்குப் புரிந்தது. மிச்சத்தை அவர் முகம் சொன்னது.

"முன்பெல்லாம் நானும் திரும்பக் கேட்பேன். ஒவ்வொருவரையும் கேட்பேன். குளிர் என்றார்கள். கிழவர்கள் என்றார்கள். எட்டு வருடம். இப்போது இரண்டாவது தடவை கேட்க எனக்கு வாய் வருவதில்லை."

மரியாதை என்று நினைத்துத் தான் சொன்ன ஒரு சொல், இந்த அம்மாளுக்கு இன்னோர் அடியாக விழுந்திருக்கிறது. ஜப்பான் கிடைக்குமா கிடைக்காதா என்பதுகூட யஸ்வந்துக்கு ஒரு கணம் மறந்துபோயிற்று.

"நீங்கள் கேட்க வேண்டாம்," என்றான். குரல் அவனுக்கே கேட்காத அளவுக்கு இறங்கியிருந்தது. "நான் கேட்கிறேன். நான், உங்கள் வீடு, வரலாமா? தயவுசெய்து."

வெளியே கார்க்காரன் ஹாரன் அடித்தான். அம்மையார் கண்ணாடியைக் கழற்றிப் புடவைக்கடைப் பை ஒன்றின் மேல் வைத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். ஒரு பக்கம் முழுக்கப் பெயர்கள். ஒன்றுவிடாமல் எல்லாவற்றின் மேலும் கோடு. கடைசிப் பெயர் இவனுடையது. அதன் மேலிருந்த மையின் கருமை இன்னும் புதிதாக இருந்தது.

அடித்த பெயரை அவர் தொடவில்லை. அதற்குக் கீழே இருந்த ஒற்றை வெற்று வரியில், ஒவ்வோர் எழுத்தாக அவனிடம் கேட்டுக் கேட்டு, மறுபடி அவன் பெயரை எழுதினார்.