லிஃப்ட்காரர் படகுக்குப் பலகை தேடிய மூன்று வருடம்

லிஃப்ட்காரரின் படகைத் தாங்கிக்கொண்டிருந்த இரண்டு பலகைகளும் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழே காலுக்கு ஒடிந்து கீழே விழுந்தன, படகு விழவில்லை. வீட்டின் முன் நின்ற, படகை ஏற்றி இழுத்துப்போகிற டிரெய்லரின் இரும்புச் சட்டத்துக்கு மேலே, பலகைகள் இருந்தபோது எந்த உயரத்தில் உட்கார்ந்திருந்ததோ அதே உயரத்தில், காற்றில் அப்படியே இருந்தது. வேலைக்குக் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அவர் மனைவிதான் முதலில் பார்த்தார். ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பவர் என்பதால் தெருவில் அவருக்கு எக்ஸ்ரே அக்கா என்று பெயர். "என்னங்க, பலகை போயிடுச்சு" என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் போய்விட்டார்.

லிஃப்ட்காரர் முப்பத்திரண்டு வருடம் அடுக்குமாடிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் லிஃப்ட் பழுது பார்த்தவர். தொங்குகிற பொருளைப் பிடித்துக்கொண்டிருப்பது எது என்று தெரியாமல் அந்த இடத்தைவிட்டு நகர மாட்டார். படகுக்கும் சட்டத்துக்கும் நடுவே முதலில் கையை விட்டுப் பார்த்தார், பிறகு துடைப்பக் குச்சியை, பிறகு ஒரு செம்புக் கம்பியை. ஒன்றும் தட்டுப்படவில்லை. ரசமட்டத்தை வைத்ததில் குமிழி சரியாக நடுவில் நின்றது. கீழே கிடந்த பலகைகளைப் புரட்டினார். அவை படகை விற்றவர் போட்டுக்கொடுத்த பைன் மரம். படகு சிராய்க்காமல் இருக்க மேலே சுற்றியிருந்த கார்ப்பெட் நன்றாகத்தான் இருந்தது, அடியில் மரம் கறுத்து, நனைந்த ரொட்டி மாதிரி விரலோடு வந்தது. ஒரு வாரம் தெரு ஜனம் வந்து பார்த்தது. இரண்டாவது வாரம் பேப்பர் போடுபவர், மழை நாளில் நனையாமல் இருக்கட்டும் என்று பேப்பரைப் படகுக்கு அடியில் வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தார். அதோடு அது பழைய விஷயமாகிவிட்டது.

ஆனால் அந்தப் படகு விற்பனைக்குப் பேசி முடித்திருந்த படகு. இரண்டு மாதத்துக்கு முன்புதான் லிஃப்ட்காரருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். இனிமேல் தனியாகத் தண்ணீரில் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஏரிக்குப் போகிறவர் அவர்; தனியாகத்தான் போவார். அக்காவுக்கு நீச்சல் தெரியாது, தண்ணீர் என்றால் முழங்காலுக்கு மேல் ஆகாது. அதனால் படகை விற்றுவிடலாம் என்று அக்கா சொன்னார், லிஃப்ட்காரரும் தலையாட்டினார். வாங்கிக்கொள்வதாகச் சொன்ன பேக்கரிக்காரர் வந்து, குனிந்து அடியில் பார்த்துவிட்டு, "காத்துல நிக்கிறதைப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்லைங்க. ஆனா ரெண்டு பலகையையும் புதுசா போட்டுக் கொடுத்துடுங்க, நான் எடுத்துக்கிறேன்" என்றார். நியாயமான பேச்சு. மறுநாளே லிஃப்ட்காரர் பலகை தேட ஆரம்பித்தார்.

அக்காவின் தம்பி மரக்கடையில் வேலை பார்த்தார். முதலில் அவர் கொண்டுவந்தது மக்காமல் இருக்க மருந்தேற்றிய பைன். படகு டிரெய்லருக்கு எல்லோரும் போடுவது அதுதான். லிஃப்ட்காரர் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, இந்த மருந்தில் செம்பு இருக்கிறது, ஈரக் கார்ப்பெட் வழியாக இறங்கி அலுமினியப் படகை அரித்துவிடும் என்றார். அது உண்மையும்கூட. அடுத்து வந்த தேக்கு நீளம் போதவில்லை, இரண்டு துண்டை ஒட்டித்தான் போட வேண்டும்; ஒட்டுப் போட்ட எதையும் அவர் நம்புவதில்லை. பிளைவுட் ஓரத்தில் தண்ணீர் குடித்து ஏடு ஏடாகப் பிரிந்தது. பிளாஸ்டிக் பலகை ஜென்மத்துக்கும் மக்காது என்று மச்சான் அடித்துச் சொன்னதைக் கேட்டு, இரண்டு செங்கல் மேல் வெயிலில் வைத்து நடுவில் பாரம் ஏற்றினார். சாயங்காலம் அது தொட்டில் மாதிரி தொய்ந்திருந்தது. அலுமினியச் சட்டம் படகின் வயிற்றைச் சிராய்த்துவிடும். வேங்கை கனம். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது, எந்தக் காரணமும் பொய் இல்லை.

இப்படி முதல் வருடம் போனது. இரண்டாம் வருடம் குளியலறையில் நான்கு வாளிகளில் மரத்துண்டுகள் ஊறின. அக்கா அவற்றுக்கு நடுவே ஒற்றைக்காலில் நின்று குளித்துவிட்டு வேலைக்குப் போனார். கட்டிலுக்கு அடியில் பலகைகள், சமையலறை அலமாரிக்கு மேலே கார்ப்பெட் துண்டுகள், டிவிக்குப் பின்னால் போல்ட் டப்பாக்கள். துருப்பிடிக்காத போல்ட் எது என்று பார்க்க லிஃப்ட்காரர் அவற்றை உப்புத் தண்ணீரில் போட்டு, ஊறுகாய் பாட்டில்களில் மூடி வைத்திருந்தார். பேக்கரிக்காரர் மாதம் ஒருமுறை பன் பாக்கெட்டோடு வந்து விசாரித்துவிட்டுப் போனார். படகு வெயிலிலும் மழையிலும் அதே இடத்தில் நின்றது. பெரிய காற்றடித்த ஒரு நாள் எதிர்வீட்டு மாடித் தகரம் பறந்தது, படகு ஆடவில்லை.

மூன்றாம் வருடம் மச்சான் தேவதாருவில் இரண்டு பலகை கொண்டுவந்தார். மருந்து இல்லாமலே ஈரத்துக்கு மக்காத மரம். முழு நீளம், நேர் இழை, கனமும் இல்லை. "அத்தான், இதுக்கு மேல மரம் கிடையாது. இதையும் வேண்டாம்னா நான் கடையை விட்டுட்டுத்தான் போகணும்" என்றார். லிஃப்ட்காரர் பலகையைத் தட்டிப் பார்த்தார், முகர்ந்தார், ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பார்த்தார். குறை சொல்ல வாய் திறந்து மூடினார். கடைசியில், உள்ளே கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கலாம், எக்ஸ்ரே எடுத்துவிட்டால் நல்லது என்று மனைவியிடம் சொன்னார்.

அக்கா மறுக்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஆளில்லாத சமயம் பார்த்து, இரண்டு பலகைகளையும் நோயாளி படுக்கிற மேஜையில் கிடத்தி, துண்டு துண்டாகப் பன்னிரண்டு படம் எடுத்தார். வீட்டு ஜன்னல் வெளிச்சத்தில் அவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்துக் காட்டினார். முடிச்சு இல்லை, வெடிப்பு இல்லை, பூச்சி அரித்த தடம் இல்லை. "ரொம்ப ஆரோக்கியமா இருக்கு" என்றார். லிஃப்ட்காரர் பன்னிரண்டு படத்தையும் திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு மெதுவாக, "அஞ்சாவது கொஞ்சம் மங்கலா இருக்கு. இன்னொரு தடவை எடுத்துடேன்" என்றார்.

அக்கா படங்களை உறையில் போட்டார். படம் சரியாக வந்த பிறகும் இன்னொரு தடவை எடுக்கச் சொல்கிறவர்களைத் தினமும் பார்க்கிறவர் அவர். அந்தக் குரல் அவருக்குத் தெரியும்.

"உங்களுக்குப் பலகை பிடிக்கலையா, படகை விக்கப் பிடிக்கலையா?"

லிஃப்ட்காரர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "பலகை போட்டுட்டா அவர் வந்து எடுத்துட்டுப் போயிடுவார்ல" என்றார்.

"இதை மூணு வருஷம் முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"நீ பயந்துபோய் இருந்தே. ஆஸ்பத்திரியில உன் மூஞ்சியைப் பார்த்தேன். அப்புறம் எப்படிச் சொல்றது."

 அக்கா குளியலறைக்குப் போய் நான்கு வாளிகளையும் கவிழ்த்தார். அடுத்த திங்கட்கிழமை வேலை முடிந்ததும் ஊர்ப் பொது நீச்சல் குளத்தில் பெயர் கொடுத்தார். வயது ஐம்பத்திரண்டு. முதல் மாதம் ஓரக் கம்பியை விடவே இல்லை; கற்றுக்கொடுத்த பெண்மணியின் கையில் நகத்தடம் பதிந்ததாகச் சொல்வார்கள். இரண்டாம் மாதம் மிதந்தார். ஐந்தாம் மாதம் குளத்தின் நீளத்தை நிற்காமல் இருமுறை கடந்தார். வீட்டில் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை; ஈரத் தலையோடு வந்து சோறு வடித்தார். லிஃப்ட்காரரும் கேட்கவில்லை, ஆனால் அந்த ஐந்து மாதமும் தோசை மாவு ஆட்டியது அவர்தான். ஆறாம் மாதம் அக்கா பேக்கரிக்குப் போய், படகு விற்பதாக இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார். பேக்கரிக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. எங்கே தரப்போகிறார்கள் என்று தனக்கு முதல் வருடமே தோன்றியதாகச் சொன்னார்.

தேவதாருவைப் பொருத்த ஒரு காலைப்பொழுது போதுமானதாக இருந்தது. போல்ட் தலைகள் படகைக் கீறாதபடி மரத்துக்குள் புதைத்து, கார்ப்பெட்டைச் சுற்றி, மடிப்பு அடிப்பக்கம் வரும்படி ஆணியடித்தார்கள். பலகைகளை உள்ளே நுழைத்தபோது, கை வைக்க இடம் விடுவதுபோல் படகு நாலு விரல் மேலே எழும்பியது. வேலை முடிந்த பிறகும் இறங்கவில்லை. மச்சான் பலகைகளை நாலு விரல் ஏற்றிப் பார்த்தார்; படகு இன்னும் நாலு விரல் ஏறியது. இறக்கினார், அதுவும் இறங்கியது. "சரி, அது இஷ்டம்" என்று லிஃப்ட்காரர் படகை டிரெய்லரோடு சேர்த்துப் பட்டையைப் போட்டு இறுக்கினார். முப்பத்திரண்டு வருடத்தில், எது பிடித்துக்கொண்டிருக்கிறது என்று தெரியாமல் அவர் கையெழுத்துப் போட்ட வேலை அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை மரக்கடை வேனில் மாட்டி ஏரிக்கு இழுத்துப் போனார்கள். வேகத்தடைகளில் டிரெய்லர் குதித்தது, படகு குதிக்கவில்லை. கரையில் பட்டையை அவிழ்த்துவிட்டு, ஆரஞ்சு நிற உயிர்காப்பு ஜாக்கெட்டோடு அக்கா முதலில் ஏறி உட்கார்ந்தார். மச்சான் சரிவில் வேனைப் பின்னால் விட, தண்ணீர் சக்கரத்தை மூடியது, பலகையை மூடியது, நாலு விரல் இடைவெளியை நிரப்பிப் படகின் வயிற்றைத் தொட்டது. முழங்கால் தண்ணீரில் கயிற்றைப் பிடித்து நின்ற லிஃப்ட்காரர், "மிதக்குதா?" என்று கேட்டார்.

அக்கா விளிம்புக்கு வெளியே கையை விட்டு அளைந்து பார்த்தார். "தெரியலைங்க. நீங்க ஏறுங்க."

அவர் ஏறினார். மோட்டார் மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. படகு ஏரியின் நடுவுக்குப் போனபின் மச்சான் காலி டிரெய்லரைக் கரைக்கு இழுத்தார். பக்கத்தில் தன் படகை இறக்கக் காத்திருந்த ஒருவர், தண்ணீர் சொட்டுகிற புதுப் பலகைகளைத் தடவிப் பார்த்து, என்ன மரம் என்று கேட்டார். தேவதாரு என்றார் மச்சான்.

"எத்தனை வருஷம் தாங்கும்?"

"அது தெரியலை. இன்னும் எதையும் தாங்கலை."

கேட்டவர் தலையை ஆட்டிக்கொண்டு, மரத்தின் பெயரைக் குறித்துக்கொண்டார்.