பதினேழாம் பெட்டி

ஏப்ரல் கடைசியில் பனிச்சறுக்கு சீசன் முடிந்து, ரோப் கார் பெட்டிகள் அறுபத்திரண்டும் வடத்திலிருந்து இறங்கி ஷெட்டுக்குள் வந்து சேர்ந்துவிட்டன. வழக்கமாக இதற்குப் பிறகுதான் வேலையே தொடங்கும். கழுவ வேண்டும், மெத்தைகளைக் கழற்ற வேண்டும், வடத்தைக் கவ்வும் பிடிகளைப் பிரித்து எண்ணெய் போட வேண்டும். இந்த வருஷம் அது எதுவும் இல்லை. அடுத்த குளிர்காலத்துக்குப் புதுப் பெட்டிகள் வருகின்றன. பழையதில் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளலாம் என்று இன்றைய ஊழியர்களுக்கும் முன்பு இருந்தவர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் மேலாளர் கடிதம் போட்டிருந்தார்.

ஷெட்டுக்குப் பொறுப்பாக இருந்த ஸென்சி, யாருக்கு எது வேண்டும் என்ற பட்டியலைப் படித்துக்கொண்டே வந்தவள், பதினேழாம் எண்ணில் நின்றுவிட்டாள். எதிரே ரோமேடியின் பெயர் இருந்தது.

ஒன்பது வருஷமாக அவனிடம் அவள் பேசவில்லை.

அதற்கு முன் பதினான்கு சீசன்கள் இருவரும் இந்த ஷெட்டில்தான் இருந்தார்கள். சாயங்காலம் கடைசி ஆள் சறுக்கி இறங்கியதும் பெட்டிகள் ஒவ்வொன்றாக உள்ளே வரும். ஸென்சி கைப்பிடியை இழுத்து, கூரையில் ஓடும் தண்டவாளத்தைத் திருப்புவாள். மேலிருந்து தொங்கும் பெட்டியை ரோமேடி தோளால் தள்ளிக்கொண்டு போய், முன்னதற்கும் இதற்கும் ஓர் உள்ளங்கை இடைவெளி விட்டு நிறுத்துவான். பெட்டிகளுக்கெல்லாம் ஊர்க்காரர்கள் பெயரை வைத்திருந்தான். முனகிக்கொண்டே வரும் ஒன்பது, பாதிரியார். கதவு சரியாக மூடாத பதினேழு, போஸ்ட் ஆபீஸ் அம்மாள். இலையுதிர்காலத்தில் ஜன்னல் பிளாஸ்டிக்கில் கீறியிருக்கும் காதலர் பெயர்களைப் பசை போட்டுத் தேய்த்து அழிப்பது அவன் வேலை. அழிக்குமுன் ஒவ்வொன்றையும் உரக்கப் படிப்பான். இவர்கள் கல்யாணம் செய்திருப்பார்கள், இவர்கள் மலையிலிருந்து இறங்குவதற்குள் சண்டை போட்டிருப்பார்கள் என்று தீர்ப்பும் சொல்வான். ஸென்சிக்குச் சிரிப்பில் காப்பி மூக்கில் ஏறும்.

அப்புறம் ஒரு டிசம்பர். மழை பெய்து உறையும் என்று வானிலையில் சொல்லியிருந்தார்கள். அப்படிப்பட்ட நாளில் எல்லாப் பெட்டிகளையும் உள்ளே கொண்டுவர வேண்டும். ஸென்சிக்கு அன்று அலுப்பு. பாதியை வெளியிலேயே விட்டுவிடலாம், ஒன்றும் ஆகாது என்றாள். ரோமேடி வானத்தைப் பார்த்தான், சரி என்றான். காலையில் முப்பது பெட்டிகள் கண்ணாடிக்குள் வைத்ததுபோல் பனிக்கட்டிக்குள் தொங்கின. பிடிகள் எல்லாம் இறுகிவிட்டன. ரப்பர்ச் சுத்தியலால் தட்டித் தட்டி எடுக்க மூன்று நாளாயிற்று. கிறிஸ்துமஸ் வாரம், ரோப் கார் ஓடவில்லை. யார் முடிவு இது என்று அன்றைய மேலாளர் கேட்டபோது, மூத்தவன் என்பதால் ரோமேடியைப் பார்த்துக் கேட்டார். அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஸென்சியும் சொல்லவில்லை. வசந்தம் வந்ததும் ரோமேடி கணவாய்க்கு அந்தப் பக்கத்து ரோப் காரில் வேலைக்குப் போய்விட்டான்.

பெட்டியை எடுத்துப் போக ரோமேடி சனிக்கிழமை காலை டிராக்டரும் டிரெய்லருமாக வந்து இறங்கினான். தாடி நரைத்திருந்தது.

"என்ன ஸென்சி, போஸ்ட் ஆபீஸ் அம்மா வாய மூடினாளா இல்லியா?"

"நீ போனப்புறம் இன்னும் மோசம்."

அவள் சங்கிலியை இழுத்துப் பெட்டியை இறக்கினாள். அவன் கீழே நின்று டிரெய்லரில் உட்காரவைத்தான். அவன் பட்டைகளை இறுக்கிக்கொண்டிருந்தபோது, அவனைப் பார்க்காமல் ஸென்சி சொன்னாள்:

"அன்னிக்கு வெளிய விடலாம்னு சொன்னது நான். மேனேஜர் கேட்டப்ப வாயத் திறக்காம நின்னேன்."

"நானுந்தான் திறக்கல."

"அதனாலதான நீ போக வேண்டியதாச்சு."

ரோமேடி பட்டையை விட்டுவிட்டு நிமிர்ந்தான். "ஐஸ் தட்டின மூணு நாளும் எனக்குக் கோவமே இல்ல. அதுக்கப்புறம் நீ என்கிட்டப் பேச்ச நிறுத்திட்ட. நான் ஏதோ தப்புப் பண்ணின மாதிரி ஒதுங்கிப் போன. தினம் அறுபத்திரண்டு பெட்டிய ஊமையாத் தள்ள என்னால முடியலம்மா. அவ்வளவுதான்."

ஸென்சி சங்கிலியைச் சுருட்டிக் கொக்கியில் மாட்டினாள்.

"ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல" என்றாள்.

"நீ பண்ணியிருக்கலாம்."

"ஆமா. நான்தான் பண்ணியிருக்கணும்."

அவன் தலையை ஆட்டினான். பெட்டியைத் தன் ஊரில் இறக்கிவைக்க இரண்டு பேர் வேண்டும், கூட வருகிறாயா என்று கேட்டான். அவள் ஷெட்டைப் பூட்டிவிட்டு டிராக்டரில் ஏறினாள்.

ரோமேடியின் ஊர் பேருந்து நிறுத்தத்தில் ஒதுங்க இடம் கிடையாது. அதற்காகத்தான் பெட்டியைக் கேட்டிருந்தான். நாலு சிமெண்டுக் கட்டைகளின் மேல் அதை நெம்பி உட்காரவைக்கச் சாயங்காலமாகிவிட்டது. இவர்கள் கையைத் துடைப்பதற்குள் காய்கறிப் பையோடு ஒரு கிழவி ஏறி உட்கார்ந்து, ஹீட்டர் இல்லையா என்று கேட்டாள். அடுத்த வருஷம் போடுகிறோம் என்று ரோமேடி முகத்தை மாற்றாமல் வாக்குக் கொடுத்தான்.

அவன் மனைவி ரொட்டியும் உப்பிட்டு உலர்த்திய பன்றிக்கறியும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். கிழவிக்கு எதிர் இருக்கையில் இருவரும் முழங்கால் இடிக்க உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பாதிரியார் பெட்டி யாருக்குப் போகிறது என்று ரோமேடி கேட்டான். பாதிரியாருக்கேதான் என்று ஸென்சி சொல்ல, அவன் நம்பவில்லை. அவள் சத்தியம் செய்தாள்.

ஸென்சியின் ஊர் வழியாகப் போகும் ஐந்தரைப் பேருந்து வந்தது. கிழவி மட்டும் ஏறினாள். அடுத்தது ஏழு மணிக்குத்தான் என்று ஓட்டுநர் சொன்னார். தெரியும் என்றாள் ஸென்சி.